ஆணுடலே அளவுகோலோ?

மக்கள் யாவரும் சமம் என்று சொல்லுதல் எளிது. அச்சமத்துவத்தை எந்தக் கோல் கொண்டு அளப்பது என்று கேட்கும்பொழுதுதான் வழக்குத் தொடங்குகிறது. பெண் ஆணுக்குச் சமம் என்பதற்குப் பொருள் யாது? ஆணுக்கு அளித்ததையே பெண்ணுக்கும் அளித்துவிடுதலா? அன்றி, ஆணை எவ்வளவு கவனத்தோடு அறிந்துகொள்ள முயல்கிறோமோ அவ்வளவு கவனத்தோடு பெண்ணையும் அறிந்துகொள்ள முயலுதலா? இவ்விரண்டும் ஒன்றேபோலத் தோன்றும், ஆயினும் ஒன்றல்ல. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்துவிட்டதாக எண்ணி மகிழ்வோர் பலர். இவ்வெண்ணத்தால் விளையும் தீங்கை உணர்தற்கு அண்மைக்கால வைத்திய ஆராய்ச்சியின் வரலாற்றினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1958-ஆம் ஆண்டில் ஓர் அரிய ஆராய்ச்சி தொடங்கப்பெற்றது. நலமுள்ள மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து, மனித உடல் எவ்வாறு முதுமை எய்துகிறது என்று அறிவதே அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்ததே. ஆனால், முதல் இருபது ஆண்டுகள் அவ்வாராய்ச்சியில் ஒரு பெண்ணும் சேர்க்கப்படவில்லை. 1978-இலேயே பெண்களுக்குக் கதவு திறந்தது. 1984-இல் அவ்வாராய்ச்சியின் முடிவுகள் பெருநூலாக வெளிவந்தபோது, அதற்கு இடப்பட்ட பெயர் ‘இயல்பான மனித முதுமை’ என்னும் பொருளுடையது. நூலினுள் இருந்ததோ ஆடவர் முதுமை. ஆண்களைவிட நீண்ட நாள் வாழ்பவர் பெண்கள். முதியோர் கூட்டத்தில் பெரும்பகுதியினரும் அவர்களே. அவர்களை விலக்கிவிட்டு எழுதப்பட்ட நூலுக்கு ‘மனித முதுமை’ என்று பெயரிட்டவர்கள் பொய் சொல்ல எண்ணினார்களில்லை. தாம் ஒரு பாதியை விட்டுவிட்டோம் என்பதே அவர்கள் உள்ளத்தில் தோன்றவில்லை. ஒருவன் வேண்டுமென்று செய்யும் அநீதியைச் சுட்டிக்காட்டித் தடுத்தல் கூடும். செய்வோனுக்கே புலப்படாத அநீதியை எவ்வாறு தடுப்பது?

மற்றொரு நிகழ்ச்சியைக் காண்போம். ஆஸ்பிரின் என்னும் சாதாரண மருந்து மாரடைப்பைத் தடுக்குமா என்று அறிய, 1980-களில் அமெரிக்க டாக்டர்கள் 22,071 பேர் பரிசோதனைக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டனர். அவர்கள் அனைவரும் ஆண்கள். மருந்து உண்டோரிடையே முதல் மாரடைப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 44 பங்கு குறைந்தது என்று 1989-இல் வெளியான இறுதி அறிக்கை கூறிற்று. உலகமெங்கும் இச்செய்தி பரவிற்று. ‘ஆஸ்பிரின் ஆண்களின் இருதயத்தைக் காக்கும்’ என்று சொல்வார் ஒருவருமில்லை. ‘ஆஸ்பிரின் இருதயத்தைக் காக்கும்’ என்றே சொன்னார்கள். பின்னர்ச் சுகாதாரத் தொழிலில் உள்ள பெண்கள் 39,876 பேரைக்கொண்டு வேறொரு பரிசோதனை நடத்தப்பெற்று, 2005-இல் முடிவு வெளியாயிற்று. பத்தாண்டுகள் கவனித்ததில், அப்பெண்களிடையே முதல் மாரடைப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மாறாக, மூளையைத் தாக்கும் பக்கவாதம் நூற்றுக்கு 17 பங்கு குறைந்திருந்தது. இரு பரிசோதனைகளிலும் மருந்தின் அளவு ஒன்றன்று; ஆதலால் வேற்றுமை முழுவதும் ஆண் பெண் என்னும் பேதத்தாலேயே வந்தது என்று துணிதல் தகாது. நலமுள்ளோர் எல்லாரும் ஆஸ்பிரின் உண்ணலாம் என்று இன்று வைத்தியர்கள் சொல்வதுமில்லை. இரத்தக் கசிவு உண்டாகும் அபாயத்தை அவர்கள் அறிவர். எனினும், ஒன்று ஐயமின்றி விளங்கும். பெண்ணின் உடலைப் பற்றிய கேள்விக்கு ஆணின் உடலிடம் விடை பெற்றுக்கொண்டு, உலகம் 16 ஆண்டுகள் அமைதியாக இருந்தது.

இந்நிலை எவ்வாறு வந்தது? விஞ்ஞானிகள் பெண்ணை வெறுத்தனர் என்று சொல்லுதல் பொருந்தாது. அவர்கள் ஒரு காரணம் கூறினர். பெண்ணுடல் மாதந்தோறும் மாறுவது, அம்மாற்றம் கணக்கைக் குழப்பும், ஆணுடலோ நிலையானது, ஆகவே ஆணை ஆராய்ந்தால் முடிவு தெளிவாகும் என்பதே அக்காரணம். மனிதரிடத்தில் மட்டுமன்று, எலிகளிடத்தும் இதே நியாயம் செலுத்தப்பட்டது. 2011-இல் வெளியான ஒரு கணக்கின்படி, நரம்பியல் ஆராய்ச்சியில் ஆண் விலங்குகளை மட்டும் கொண்டு செய்த சோதனைகள், பெண் விலங்குகளை மட்டும் கொண்டு செய்தவற்றைப் போல் ஐந்தரை மடங்கு இருந்தன. சரி, பெண் எலியின் உடல் உண்மையாகவே அவ்வளவு நிலையற்றதா? 2014-இல் இதனைச் சில விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். முன்னர் வெளியான 293 கட்டுரைகளின் எண்களைத் தொகுத்து நோக்கியதில், பெண் எலிகள் ஆண் எலிகளைவிட மிகுதியாக வேறுபடவில்லை என்பது தெரியவந்தது. பல்லாண்டுகளாகப் பெண்ணினத்தை ஆராய்ச்சிச் சாலைக்கு வெளியே நிறுத்திய காரணம், அளந்து கண்டதன்று. ‘இப்படித்தான் இருக்கும்’ என்று எண்ணிக்கொண்டதே. ‘பெண் நிலையற்றவள்’ என்று பழைய சாஸ்திரங்கள் சொன்னதைக் கேட்டு நாம் நகைக்கிறோம். அதே வாக்கியம் வெள்ளைச் சட்டை அணிந்து ஆராய்ச்சிச் சாலையில் வந்து நின்றபோது, அதைக் கேள்வி கேட்க எத்தனை காலமாயிற்று!

காரணம் இஃதொன்றே அன்று. இரண்டாவது காரணம் இரக்கத்தின் உருவில் வந்தது. ஆதலின் அதனை மறுத்தல் இன்னும் கடினம். தாலிடமைடு என்னும் மருந்து 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. தீங்கற்ற உறக்க மருந்து என்று விளம்பரப்படுத்தப்பட்ட அதனைக் கர்ப்பிணிகள் மசக்கைக்காகவும் உண்டனர். 1961-இன் இறுதியில் அது திரும்பப் பெறப்படுவதற்குள் கைகால் குறைந்த குழந்தைகள் பத்தாயிரவர்க்கு மேல் பல நாடுகளில் பிறந்துவிட்டனர். அமெரிக்காவில் அம்மருந்தை விற்க அனுமதி கேட்டபோது, சான்று போதாது என்று பிடிவாதமாக மறுத்து அந்நாட்டுக் குழந்தைகளைக் காத்தவர் பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண் அதிகாரி என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

இக்கொடுமையிலிருந்து உலகம் கற்றிருக்க வேண்டிய பாடம் யாது? ‘கர்ப்பிணிகள் உண்ணப்போகும் மருந்தை அவர்களைக் கருதி முன்னரே நன்கு ஆராயவேண்டும்’ என்பதன்றோ? ஆனால், கற்ற பாடம் வேறு. 1977-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு நெறி வகுத்தது. பிள்ளைபெறக் கூடிய நிலையிலுள்ள பெண்கள் எவரையும் புதிய மருந்தின் தொடக்கப் பரிசோதனைகளில் சேர்த்தலாகாது என்பது அதன் சாரம். உயிரைப் பறிக்கும் நோய்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மணமாகாத பெண்ணும், கருத்தடை முறையைக் கையாளும் பெண்ணும், கருத்தடை அறுவை செய்துகொண்டவனின் மனைவியும் இத்தடைக்கு உட்பட்டனர். அவர்தம் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. அறிவும் வயதும் உடைய ஒரு பெண், ‘நான் இப்பொழுது கருவுறப் போவதில்லை, பரிசோதனைக்கு உடன்படுகிறேன்’ என்று சொன்னால், ‘உன் கருப்பை உன் சொல்லைவிட வலிய சாட்சி’ என்று சொல்லாமற் சொல்லி அனுப்பிவிட்டனர். இந்நெறி 1993-இல்தான் நீக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, அரசாங்கப் பொருளுதவி பெறும் பரிசோதனைகளில் பெண்களைச் சேர்க்கவேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரசு சட்டம் இயற்றியது.

இங்கேதான் நம் கேள்வியின் உயிர்நிலை உள்ளது. விலக்கி வைத்தல் காப்பாற்றுதல் ஆகுமா? பரிசோதனையில் பெண்ணைச் சேர்க்காமையால், அவள் அம்மருந்தை உண்ணாமல் இருந்துவிட்டாளா? இல்லை. பரிசோதனை முடிந்து மருந்து கடைக்கு வந்தவுடன் அவளும் உண்டாள். பரிசோதனையிலோ, சம்மதம் கேட்பார்கள். அபாயம் இன்னதென்று சொல்வார்கள். டாக்டர்கள் அருகிருந்து நாடி பார்ப்பார்கள். ஒவ்வொரு மாறுதலையும் ஏட்டில் எழுதுவார்கள். தீங்கு தோன்றின் நிறுத்துவார்கள். கடையில் வாங்கி உண்டவளுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவே அபாயம் நீங்கவில்லை, இடம் மாறிற்று. சம்மதித்து முன்வந்த சில நூறு பெண்களிடமிருந்து, ஒன்றும் அறியாத பல லட்சம் பெண்களிடம் சென்று சேர்ந்தது. உண்மையில் 1993-க்குப் பின்னும் பழைய கணக்குத் தீரவில்லை. 1997 முதல் அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட பத்து மருந்துகளை ஆராய்ந்த காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம், அவற்றுள் எட்டு ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுந்த அபாயம் விளைத்தன என்று 2001-இல் தெரிவித்தது. சில, பெண்களே மிகுதியாக உண்டமையால். வேறு சில, பெண்ணின் உடலில், முக்கியமாக இருதயத் துடிப்பில், அவை வேறுவிதமாக வேலை செய்தமையால்.

இங்ஙனம் நாம் கூறுங்கால், சீர்திருத்தத்தில் பற்றுடைய அன்பர் ஒருவர் எழுந்து நம்மை மறித்துக் கேட்கக்கூடும்: “ஐயா, ஆணும் பெண்ணும் வேறு வேறு என்று சொல்லித்தானே நூற்றாண்டுகளாகப் பெண்ணை அடுப்பங்கரையில் அடைத்தனர்? வேற்றுமை இல்லை என்று நிலைநாட்ட நம் முன்னோர் பட்டபாடு கொஞ்சமா? இன்று நீரே வேற்றுமையைத் தேடிக்கொண்டு செல்கிறீரே! பகைவன் கையில் வாளைக் கொடுத்தல் ஆகாதா?” என்பார்.

இவ்வச்சம் நியாயமானதே, இதை எள்ளி நகையாடுதல் தகாது. ஆனால், இதற்கு விடையும் உண்டு. வேற்றுமை வேறு, தாழ்வு வேறு. ஒரு மருந்து ஓர் உடலினின்று எட்டு மணி நேரத்தில் நீங்குகிறது. மற்றோர் உடலினின்று பத்து மணி நேரத்தில் நீங்குகிறது என்றால், இவற்றுள் எவ்வுடல் உயர்ந்தது? கேள்வியே பொருளற்றது. பழைமைவாதி செய்த பிழை, வேற்றுமை உண்டு என்றது மட்டுமன்று. அளக்காமலே வேற்றுமை கூறினான்; கூறிய வேற்றுமையிலிருந்து, எவ்வித நியாயமுமின்றி, உரிமைக் குறைவைப் பிறப்பித்தான். நாம் கேட்பதோ அளவு; அவ்வளவிலிருந்து பெறவேண்டுவது பெண்ணுக்கு ஏற்ற மருந்து. வேற்றுமையை மறுத்தால்தான் சமத்துவம் நிற்கும் என்று எண்ணுவோமாயின், நம் சமத்துவம் மணல்மேல் கட்டிய வீடாகும். ஒரு நாள் யாரேனும் ஒரு வேற்றுமையை மெய்ப்பித்துக் காட்டினால் அது இடிந்து விழும். மனிதர் சமம் என்பது அவர்தம் உடல் ஒன்றாயிருப்பதால் அன்று. ஒவ்வொருவருடைய நோவும் ஒரே மதிப்புடையது என்பதால்.

அளத்தல் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஸோல்பிடெம் என்னும் உறக்க மருந்து அமெரிக்காவில் 1992-இல் அனுமதி பெற்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் 10 மில்லிகிராம் என்பதே அளவு. இருபத்தோராண்டுகள் கழித்து, 2013-இல், பெண்களுக்கு அவ்வளவை 5 மில்லிகிராமாகக் குறைக்குமாறு உணவு மருந்து நிர்வாகம் பணித்தது. மருந்துண்டு எட்டு மணி நேரம் கழிந்த பின்னும், வண்டி ஓட்டுதற்கு இடையூறு செய்யத்தக்க அளவு மருந்து, பெண்களில் நூற்றுக்குப் பதினைவர் இரத்தத்திலும், ஆண்களில் நூற்றுக்கு மூவர் இரத்தத்திலும் எஞ்சியிருந்தது என்பது அது காட்டிய காரணம். இதைக் கேட்டவுடன், ‘கண்டீர்களா, பெண்ணுக்கு எல்லா மருந்தும் பாதியே போதும்’ என்று துள்ளுவோர் உண்டு. அது மீண்டும் பழைய குருட்டு வழியே. ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2014-இல் இதே மருந்தை ஆராய்ந்து, பெண்களுக்கெனத் தனி அளவு வகுக்கவில்லை. இரத்தத்தில் காணும் வேற்றுமை மறுநாட் செயலில் வேற்றுமையாக முடிகிறது என்பதற்குச் சான்று போதாது என்று 2019-இல் சில அறிஞர் வாதித்தனர். இவ்வழக்கில் எவர் சரி என்று தீர்ப்பளித்தல் நம் வேலையன்று. முதலிலேயே பெண்களைப் போதிய அளவு சேர்த்து ஆராய்ந்திருப்பின், இருபதாண்டுகளுக்குப் பின் இவ்வழக்கு எழவேண்டியதில்லை என்பதே நாம் சொல்வது. வேற்றுமை இல்லை என்று கண்டறிதலும் அறிவே. பாராமல் இல்லை என்பதும், பாராமல் உண்டு என்பதும் ஒரே மரத்தின் இரு கிளைகள்.

இதுவரை உடலால் வரும் வேற்றுமையைப் பேசினோம். சமூகத்தால் வரும் வேற்றுமை மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. பெர்னடீன் ஹீலி என்னும் இருதய வைத்திய நிபுணர், அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்துக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணி. பதவியேற்ற 1991-ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். இருதய நோயுற்ற பெண்ணுக்கு, ஆணுக்குச் செய்யும் சோதனையும் சிகிச்சையும் எளிதிற் கிடைப்பதில்லை. தன் நோய் ஆணின் நோயைப் போன்றதே என்று அவள் மெய்ப்பித்த பின்னரே கிடைக்கிறது என்று அதிற் காட்டினார். கல்வி கற்பதற்காக ஆண்வேடம் பூண்ட யெண்டல் என்னும் யூதப் பெண்ணின் கதையிலிருந்து இந்நிலைக்குப் பெயரும் சூட்டினார். இங்கே குற்றம் அவளுடைய இருதயத்தில் இல்லை. அவள் சொல்வதைக் கேட்ட காதுகளில் உள்ளது. மார்பு வலியோடு குமட்டலும் முதுகு நோவும் மூச்சுத் திணறலும் கூறும் பெண்ணை, ‘மனக்கலக்கம்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புதல் உடற்கூற்றின் விளைவன்று, வழக்கத்தின் விளைவு. இவ்வழக்கம் பெண்ணை மட்டுமே வருத்துகிறது என்று எண்ணவேண்டா. எலும்பு நலிவைப் ‘பெண்களின் நோய்’ என்று நெடுங்காலம் கருதி வந்தமையால், ஆண்களிடம் அதனைத் தேடுவார் குறைந்தனர். ஆனால், இடுப்பெலும்பு முறிந்தபின் ஓராண்டுக்குள் இறப்போரின் விகிதம் பெண்களிடத்தைவிட ஆண்களிடத்திலேயே அதிகம். மனிதரை இரண்டு பெட்டியில் அடைத்து மேலே பெயர் எழுதி ஒட்டினால், பெட்டிக்குள் இருப்பவர் இருபாலாரும் வாடுவர். இரண்டிலும் அடங்காத திருநங்கையர், திருநம்பியர் முதலியோரை எண்ணுவாரே இலர்.

‘எல்லாரையும் சேர்த்து ஆராய்ந்தால் செலவு பெருகும்’ என்பது இறுதியாக எஞ்சும் மறுப்பு. செலவு பெருகுவது உண்மையே. ஆனால், செய்யாமல் விட்டதற்கு யாரும் செலவு செய்யவில்லையா? கோவிட் நோய் பரவிய 2020-இல், தடுப்பூசிகளின் முதற்பெரும் பரிசோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை. அந்நோய் கர்ப்பிணிகளை மிகக் கொடிதாகத் தாக்கும் என்பதோ விரைவிற் புலனாயிற்று. ஊசி போட்டுக்கொள்வதா, வேண்டாவா என்று ஒவ்வொரு கர்ப்பிணியும், ஒவ்வொரு குடும்பமும், ஆதாரமின்றித் தத்தளிக்க நேர்ந்தது. ஊசியால் கேடில்லை, நன்மையே என்பது பின்னர்த் திரண்ட சான்றுகளால் தெளிவாயிற்று. அத்தெளிவு வருமுன் தயங்கி நின்றவர்களுள் நோய்க்கு இரையானோர் செலுத்திய விலையை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது? ஆராய்ச்சிச் சாலை மிச்சம்பிடித்த பணத்தை, நோயாளியின் வீடு வட்டியோடு கட்டுகிறது.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையம் 2016 முதல், தன் உதவி பெறும் விலங்கு ஆராய்ச்சிகளிலும் ஆண் பெண் வேற்றுமையைக் கருதுமாறு விதித்தது; நல்ல தொடக்கம். ஆயினும், விதி தானே வேலை செய்யாது. ‘சேர்த்தோம்’ என்று எண்ணிக்கை காட்டிவிட்டு, முடிவைப் பிரித்து ஆராயாமல் விடுவாராயின், பெண்கள் பரிசோதனைக்குள் வந்தும் கணக்கிற்கு வெளியே நிற்பர்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் வீட்டு அலமாரியில் உள்ள மருந்துகளுட் பல, கடல் கடந்த நாடுகளில் பரிசோதிக்கப்பட்டு வந்தவையே. ஆகவே இது பிறர் வீட்டு வழக்கன்று. நாம் செய்யத்தக்கது என்ன? மருந்தைக் கண்டு அஞ்சி எறிதல் அன்று. டாக்டர் கொடுத்த அளவை நாமே குறைத்துக்கொள்ளுதலும் அன்று. அவை கேடு பயக்கும். கேட்கவேண்டும். ‘இம்மருந்து என் போன்றோரிடத்துச் சோதிக்கப்பட்டதா?’ என்று தாயும் தமக்கையும் மகளும் டாக்டரிடம் நாணமின்றிக் கேட்கவேண்டும். அவர்கள் தம் நோவைச் சொல்லும்பொழுது, ‘பெண்களுக்கு இது வழக்கந்தானே’ என்னும் சொல்லை நம் வீட்டு ஆடவர் தம் நாவினின்று நீக்கவேண்டும். நம் இளைஞரும் இளம்பெண்களும் இத்துறையிற் புகுந்து, தாம் செய்யும் ஆராய்ச்சியில் யார் விடுபட்டனர் என்று முதலில் நோக்கவேண்டும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம், நோயின் அளவோடு நோயாளியின் அளவையும் எண்ணுமாறு வைத்தியனுக்குக் கூறுகிறது. நோயாளியின் அளவை நோயாளியிடமே காணவேண்டுமன்றிப் பக்கத்து வீட்டுக்காரனிடம் காண்பது எங்ஙனம்? பெண்ணைத் தெய்வம் என்று போற்றி நெடுங்காலம் பூசித்தோம்; தாய் என்று சொல்லிக் காவலில் வைத்தோம். அவளை இவ்வுலகத்து மனிதருள் ஒருத்தியாகக் கொண்டு, அவள் நாடியைத் தொட்டுப் பார்த்து, அங்கே உள்ளதை உள்ளவாறு எழுதிவைத்தோமா? அதைச் செய்யும் நாளே சமத்துவம் மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்த நாளாகும்.